மாட்டுங்கா உருவான வரலாறு

ஆண்டு விழா மலருக்கு ஏதேனும் எழுதித் தருமாறு சங்கச் செயலாளர் நம்மைப் பணித்தார். நாம் பத்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஓர் எழுத்தர், வரலாற்றறிஞர் அல்லோம். எனினும் சென்ற கோடையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த நம் மைத்துனர் கேட்ட ஒரு கேள்வி நெஞ்சை விட்டு அகலாதிருந்தமையால், அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரை ஆயிற்று.

"அத்தான், பையனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்துவிட்டது. மருமகளையும் பேரப்பிள்ளையையும் அழைத்து வரப் போகிறான். குழந்தை குட்டிகளோடு இருக்க எந்தப் பக்கம் நல்லது?" என்று அவர் வினவினார். "மாட்டுங்கா" என்று நம் வாய் தானே சொல்லிற்று. "ஏன் மாட்டுங்கா?" என்றார். அங்குதான் நாம் சற்றே தடுமாறினோம். மரங்கள் உண்டு, பள்ளிகள் உண்டு, கோயில் உண்டு, வாழையிலை கிடைக்கும் என்று அடுக்கினோம். "இவை எல்லாம் அங்கே எப்படி வந்தன?" என்று அவர் மீண்டும் கேட்டார். மும்பையிலேயே பிறந்து நாற்பது ஆண்டுகளைக் கடந்தும், அதற்கு விடை நம்மிடம் இல்லை. பின்னர் முதியவர்களைக் கேட்டும் நூல்களைப் புரட்டியும் அறிந்தவற்றையே ஈண்டுத் தருகிறோம்.

கொள்ளைநோய் தந்த ஊர்

மாட்டுங்கா என்னும் பெயர் யானையைக் குறிக்கும் மாதங்கம் என்னும் சொல்லிலிருந்து வந்தது என்பர். மாஹிமில் அரசு செலுத்திய பீமராசனின் யானைக் கொட்டில்கள் இங்கிருந்தன என்பது செவிவழிக் கதை. யானைகள் இருந்தனவோ இல்லையோ, இற்றைக்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகட்கு முன்னர் இங்கு வயலும் தோப்பும் சிற்றூர்களுமே இருந்தன. பம்பாய் நகரம் என்பது தெற்கே கோட்டையும் அதனையடுத்த மாண்டுவி, பூலேஷ்வர், கிர்காம் முதலிய நெருக்கடியான பகுதிகளுமேயாகும்.

அந்நெருக்கடியின் நடுவே 1896-ஆம் ஆண்டு கொள்ளைநோய் புகுந்தது. துறைமுகத்தையடுத்த மாண்டுவிப் பகுதியில் அவ்வாண்டு செப்டம்பர் மாதம் டாக்டர் அகாசியோ வியேகாஸ் என்னும் மருத்துவர் அதனைப் பிளேக் என இனங்கண்டு உரைத்தார். எலிகளைத் தொற்றிய நோய் இருண்ட சால்களில் நெருங்கி வாழ்ந்த மக்களிடையே காட்டுத்தீப் போலப் பரவிற்று. மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைவிட்டு ஓடினர். 1891-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 8,21,764 ஆக இருந்த மக்கள் தொகை 1901-இல் 7,76,006 ஆகக் குறைந்தது. ஆண்டுதோறும் பெருகிவந்த ஒரு மாநகரம் பத்தாண்டுக் காலத்தில் நாற்பத்தையாயிரம் பேர் குறைந்து நின்றதெனின், அக்காலத் துயரை நாம் ஒருவாறு உணரலாம்.

பஞ்சாலைகளும் துறைமுகமும் நின்றுபோகுமோ என அஞ்சிய அரசினர், 1898-ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றிப் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்டு என்னும் அமைப்பை ஏற்படுத்தினர். ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரில் 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நெருக்கடிப் பகுதிகளை இடித்துச் சீரமைத்த முறையே இதற்கு முன்மாதிரி. நகரின் உள்ளே இருண்ட சந்துகளை இடித்து அகன்ற சாலைகளை அமைத்தல், நகரின் வடக்கே காலியாகக் கிடந்த நிலத்தைக் கையகப்படுத்தி மக்கள் குடியேறத் தக்க மனைகளாக்குதல் என டிரஸ்டு இருவகைப் பணிகளை மேற்கொண்டது. இரண்டாவது பணியின் பயனே தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய பகுதிகளுக்கு 1899-1900-இல் வகுக்கப்பெற்ற திட்டங்கள். பம்பாயில் முன்கூட்டியே வரைபடம் இட்டு அமைத்த முதல் புறநகர் இதுவே.

அதே 1898-ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் எபினேசர் ஹோவார்டு என்பவர் தோட்ட நகரம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். நகரத்தின் வேலைவாய்ப்பும் நாட்டுப்புறத்தின் காற்றும் ஓரிடத்தே கிடைக்கவேண்டும் என்பது அவர் கருத்து. நம் சென்னையிலும் 1920-களில் மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகரை அமைத்தனர். பனகல் பூங்காவை நடுவே வைத்துச் சாலைகள் விரிந்து செல்வதைப் பார்த்தவர்கள், கிங்ஸ் சர்க்கிளைக் கண்டவுடன் "இது நம்ம தி. நகர் போல இருக்கிறதே" எனக் கூறுவது வியப்பன்று. இரண்டும் ஒரே காலத்து எண்ணத்தில் பிறந்த உடன்பிறப்புகள்.

ஒளியையும் காற்றையும் அளந்த கணக்கு

வரைபடம் 1900-இல் இருந்தபோதிலும் வீடுகள் உடனே எழுந்துவிடவில்லை. நிலத்தைப் பெறுவதிலும் மேடு பள்ளங்களைச் சமன் செய்வதிலும் சாலை, சாக்கடை, குடிநீர் ஆகியவற்றை அமைப்பதிலும் இருபது ஆண்டுகள் கழிந்தன. தெற்கிலிருந்து வடக்காகச் செல்லும் அகன்ற சாலைக்குக் கிங்ஸ்வே எனப் பெயரிட்டனர். அது இன்று டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர் சாலை. கிங்ஸ் சர்க்கிளில் உள்ள வட்டப் பூங்கா இன்று மகேஸ்வரி உத்தியானம். ஐந்து பூங்காக்கள் கூடிய 'ஃபைவ் கார்டன்ஸ்' அக்காலத் திட்டத்தின் எச்சமே. அதனையொட்டி, டிரஸ்டில் பொறியாளராக இருந்த மஞ்சேர்ஜி எதல்ஜி ஜோஷி என்னும் பெருமகனார் முயன்று, நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்கென 103 மனைகளைப் பெற்றுத் தாதர் பார்சி காலனியை நிறுவினார். பண்டார்க்கர், தெலங் முதலிய அறிஞர் பெயர்களைத் தெருக்களுக்கு இட்டனர்.

இங்கு நம் இல்லத்தரசியர் அறியத்தக்க ஒரு கணக்கு உண்டு. டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் என்பவர், ஒரு வீட்டின் ஒவ்வோர் அறைக்கும் வானம் தெரியவேண்டும் என வற்புறுத்தினார். அதற்காக அறுபத்து மூன்றரைப் பாகை என்னும் ஒளிக்கோணத்தை அவர் எடுத்துரைத்தார். கேட்பதற்குக் கடினமாயினும் பொருள் எளிது. எதிரே உள்ள கட்டடம் நாற்பதடி உயரமாயின், அதற்கும் நம் சன்னலுக்கும் இடையே குறைந்தது இருபதடி வெற்றிடம் வேண்டும். உயரத்தில் பாதி இடைவெளி என்பதே அந்த விதி. கொள்ளைநோய் கண்ட நகரம், காற்றையும் ஒளியையும் மருந்தெனக் கொண்டு அளந்து வழங்கிய கதை இது. மாட்டுங்காவின் பழைய வீடுகளில் நண்பகலில் விளக்கேற்றாமல் அரிசியில் கல் பொறுக்க முடிவது தற்செயலன்று. அங்ஙனம் இருக்கவேண்டும் என ஒருவர் அமர்ந்து கணக்கிட்டார்.

ஆயினும் ஒரு குறையையும் மறைத்தலாகாது. டிரஸ்டு இடித்த வேகத்தில் ஏழைகளுக்கு மாற்று இல்லம் கட்டவில்லை என்னும் பழி அக்காலத்திலேயே எழுந்தது. வாழ்விடம் இழந்தோர் பலர் வேறு சால்களில் முன்னினும் நெருக்கமாக அடைந்தனர். புதிய புறநகரோ மாதச் சம்பளம் வாங்குவோர்க்கே எட்டிற்று. டிரஸ்டின் பணிகள் 1933-இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பெற்றன.

எழுத்தர்கள் வந்த கதை

சாலையும் மனையும் அமைத்துவிட்டால் ஊர் ஆகிவிடுமா? குடியேற ஆள் வேண்டுமே. கோட்டையில் வேலை பார்ப்பவர் ஆறேழு மைல் வடக்கே சென்று வாழ்வது எங்ஙனம்? இதற்கு விடை அளித்தது நமது இருப்புப்பாதை.

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தானாவுக்கு நாட்டின் முதற் பயணிகள் ரயில் சென்றது இவ்வழியேதான். 1915-இல் ஜி. ஐ. பி. ரயில்வே மாட்டுங்காவில் வண்டிகளைச் செப்பனிடும் பெரும் தொழிற்சாலையை நிறுவிற்று. 1925 பிப்ரவரி 3-ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியாகக் குர்லாவுக்கு இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிற்று. புகையற்ற வண்டியில் விரைவாக அலுவலகம் சென்று மாலையில் வீடு திரும்பலாம் என்னும் நிலை ஏற்பட்ட பின்னரே புறநகர் வாழ்க்கை என ஒன்று உண்டாயிற்று.

முதல் உலகப் போருக்குப் பின் பம்பாயில் வாணிக நிறுவனங்களும் வங்கிகளும் அரசு அலுவலகங்களும் பெருகின. ஆங்கிலம் எழுதவும் தட்டெழுதவும் சுருக்கெழுத்து எடுக்கவும் அறிந்தோர் தேவைப்பட்டனர். தஞ்சை, திருநெல்வேலி, பாலக்காடு முதலிய இடங்களில் படித்துவிட்டு வேலையின்றி இருந்த இளைஞர் ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு தட்டெழுத்துச் சான்றிதழுமாக மெட்ராஸ் மெயில் ஏறினர். முதலில் வந்தவர் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தார். அடுத்து அவர் தம்பி வந்தார். தம்பியின் பள்ளித் தோழர் வந்தார். ஓரறையில் அறுவர் பாய் விரித்து உறங்கினர். மாட்டுங்கா என்றால் "நம்மவர் இருக்கும் இடம்" என ஊரிலுள்ளோர் அறியலாயினர்.

அவ்வறைகளில் வாழ்ந்தோர் திருமணம் செய்துகொண்டபின் தனி வீடு தேடினர். சால்களில் பல குடும்பங்களுக்குப் பொதுவான குழாயும் கழிவிடமும் இருக்கும். மாட்டுங்காவில் எழுந்த புதிய மூன்றடுக்கு வீடுகளிலோ ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனிச் சமையலறை, தனிக் குளியலறை, வீட்டுக்குள்ளேயே கழிவறை ஆகியவை இருந்தன. 'பிளாட்டு' என்னும் சொல் நம் பெண்டிர் நாவில் ஏறியது அப்பொழுதுதான். 1930-களில் கட்டப்பெற்ற அவ்வளைந்த பால்கனி வீடுகள் சில இன்றும் நிற்கின்றன. கட்டடங்களுக்கு உரிமையாளர் பெரும்பாலும் குஜராத்தியரும் கச்சியருமாவர். குடியிருந்த நம்மவர் பெரும்பாலும் வாடகைதாரர். இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் இது பெரும் விளைவுகளைத் தந்தது.

குடும்பங்கள் ஆக்கியவை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேராசிரியர் பேட்ரிக் கெடிஸ் என்பவர் 1914-இல் சென்னைக்கு வந்து தமிழ்நாட்டுக் கோயில் நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். 1919-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையின் முதற் பேராசிரியரானார். கோயில், குளம், தேர் வீதி ஆகியவற்றைச் சுற்றி வளர்ந்த நம் ஊர்களை வியந்து பாராட்டியவர் அவர். இடித்துத் தள்ளிச் சாலை போடுவது மட்டும் நகரமைப்பு ஆகாது என்பது அவர் கொள்கை.

அவர் கூற்றின் உண்மையை மாட்டுங்காவில் காணலாம். டிரஸ்டின் வரைபடத்தில் சாலை இருந்தது, பூங்கா இருந்தது. நம் குழந்தை படிக்கப் பள்ளியும், பஜனை பாட ஓர் இடமும், அரைத்த மாவும் கறிவேப்பிலையும் அதில் இல்லை. அவற்றை வரைந்து சேர்த்தவர்கள் குடியேறிய குடும்பங்களே.

1920-களில் பஜனை சமாஜமும் ஆஸ்திக சமாஜமும் தோன்றின. ஒருவர் வீட்டுக் கூடத்தில் தொடங்கிய கூட்டங்கள் பின்னர்க் கோயில்களாக வளர்ந்தன. 1932-இல் எம். வி. வெங்கடேசுவரன் அவர்கள் முயற்சியால் தென்னிந்தியக் கல்விக் கழகம் நிறுவப்பெற்றது. அதன் பள்ளி மாட்டுங்காவில் வளர்ந்தது. 1960-இல் சயானில் அதன் கல்லூரி எழுந்தது. 1937-இல் ரூயா, கால்சா ஆகிய கல்லூரிகளும் 1941-இல் பொதார் வணிகக் கல்லூரியும் அருகே அமைந்தமையால், பிள்ளைகள் எழுத்தறிவு முதல் பட்டம் வரை நடந்தே சென்று படிக்கும் ஊராயிற்று இது.

தனியாக வாழ்ந்த இளைஞர் வயிற்றுக்கு வழி செய்தவர்கள் உடுப்பி, பாலக்காட்டு அன்பர்கள். 1937-இல் மணீஸ் லஞ்சு ஹோம், 1940-இல் கபே மெட்ராஸ், 1942-இல் ரயில் நிலையத்தருகே ராமநாயக் அவர்களின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் என வரிசையாகத் தோன்றின. வாழையிலையில் வயிறாரப் பரிமாறிய அவ்விடங்கள் ஊரை விட்டு வந்த இளைஞனுக்குத் தாய்வீட்டு அடுக்களையை நினைவூட்டின. இசைக்கு 1952-இல் சண்முகானந்த சபா தோன்றி, 1963-இல் நாடே வியக்கும் அரங்கைக் கட்டிற்று. 1990-இல் அது தீக்கிரையாயிற்று. அன்பர்கள் மனந்தளராது பொருள் திரட்டி அதனை மீண்டும் எழுப்பினர். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்த ஞாயிற்றுக்கிழமைகளை நம் வயதினர் மறப்பரோ? சயானில் பம்பாய்த் தமிழ்ச் சங்கம் மொழிக்கொரு வீடாக விளங்குகிறது.

1966-க்குப் பின் சில ஆண்டுகள் தென்னிந்தியர்க்கு எதிரான கிளர்ச்சி இந்நகரில் எழுந்ததும், உணவு விடுதிகள் தாக்கப்பெற்றதும் வரலாறு. அக்காலத்தை நினைவுகூரும் நம் காலனி மூதாட்டி ஒருவர், "எங்கள் வாசலில் வந்து நின்றவர் எதிர்வீட்டு மராட்டியத் தாத்தாதான், இது என் மகள் வீடு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்" என்று கண்கலங்கக் கூறுவார். குடும்பங்கள் அடுத்தடுத்து வாழ்ந்து, பாலும் சர்க்கரையும் மாற்றிக்கொண்ட உறவு அன்று காத்தது.

இருப்புப்பாதைக்கு மேற்கே

இதுவரை கூறியதோடு நிறுத்திவிட்டால் இவ்வரலாறு பாதி வரலாறே ஆகும். மாட்டுங்காவுக்கும் சயானுக்கும் இடையே ரயிலில் செல்லும்போது மேற்கே தெரிவது தாராவி. அங்கும் தமிழர் வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே. 1887-இல் அங்கு முதல் தோல் பதனிடும் சாலை ஏற்பட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிட மக்களும் இஸ்லாமியரும் பெருமளவில் வந்து அத்தொழிலில் ஈடுபட்டனர். டிரஸ்டின் ஒளிக்கோணம் அவ்விடத்தை எட்டவில்லை. சதுப்பு நிலத்தில் தாமே மண் கொட்டி மேடாக்கி, தாமே குடிசை கட்டினர். கோயில் எழுப்பினர், சங்கம் கண்டனர், பள்ளி நடத்தினர். மாட்டுங்காவில் அரசு சாலை போட்டபின் மக்கள் செய்தவற்றை, தாராவியில் சாலையும் இன்றியே மக்கள் செய்தனர். எது அரிய செயல் என்பதை அன்பர்களே சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

இதனை நாம் நூலறிவால் மட்டும் கூறவில்லை. நம் தந்தையார் 1971-இல் பம்பாய் வந்து இறங்கியது தாராவியில் தோல் தொழில் செய்த பெரியப்பா வீட்டில். பத்தடிக்குப் பத்தடி அறை, ஒன்பது பேர். அங்கிருந்தே தேர்வெழுதி ரயில்வேயில் எழுத்தரானார். 1978-இல் திருமணம் ஆயிற்று. மாட்டுங்காவில் ஓர் அறை பார்க்கச் சென்றார். தரகர் வீட்டைக் காட்டினார்; வாடகையும் ஒத்து வந்தது. வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் நல்ல தமிழில் ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார், பின்னர், "தம்பி, வேறு ஒருவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்" என்றார். நம் தந்தையார் ஒன்றும் பேசாது படியிறங்கினார். நான்கு இடங்களில் இங்ஙனமே நிகழ்ந்ததாம். இரண்டாண்டுகள் கழித்து, வரிசைப்படி கிடைத்த ரயில்வே குடியிருப்பே அவருக்கு வீடாயிற்று. பதிவேட்டில் பணியில் சேர்ந்த நாளைப் பார்த்தார்களேயன்றித் தெருவைக் கேட்கவில்லை. "சர்க்கார் கணக்கில் எனக்கு ஒரு நம்பர்தான்; அதுதான் எனக்கு மரியாதை" என்று அவர் அடிக்கடி சொல்வார். அவர் மறைவுக்குப் பின் அவ்வேலையின் வழியே நாமும் பணியில் அமர்ந்தோம்.

விழா மலரில் இதனை எழுதலாமோ என நாம் பல நாள் எண்ணினோம். மாட்டுங்காவின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. அதன் பள்ளியில்தான் நாம் படித்தோம்; அதன் சபாவில்தான் நம் மகள் பாட்டுக் கேட்கிறாள். ஆயினும் குடும்பம் வாழ ஏற்ற இடம் என ஓர் ஊரைச் சொல்லும்போது, எந்தக் குடும்பம் என்னும் கேள்வியும் உடன் வருகிறது. அந்தக் கேள்விக்கு "எல்லாக் குடும்பமும்" என விடை கூறும் ஊரே நல்லூர். நம் காலனியில் தஞ்சையும் நெல்லையும் பாலக்காடும், எச்சாதியும் எம்மதமும் ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகின்றன. நம் சங்கத்தின் பெரும் சொத்து அதுவே.

பரவிய குடும்பங்கள்

வாடகைதாரர் நிலை பற்றி முன்னர்க் குறித்தோம். 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளன்று இருந்த வாடகையை அடிப்படையாக்கிற்று. எளிய குடும்பங்கள் பலவற்றை அது காத்தது உண்மை. ஆனால் வருவாய் உயராமையால் உரிமையாளர் பழுது பார்ப்பதைக் கைவிட்டனர். புதிதாக வருவோர்க்குப் 'பகடி' என்னும் முன்பணமின்றி வீடு கிடைப்பது அரிதாயிற்று. சுவர்கள் வெடித்தன, 1969-இல் பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதற்கெனவே அரசு தனிச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. இன்று அவ்வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பெற்று உயர்மாடங்கள் எழுகின்றன.

பிள்ளைகள் பெருகிய குடும்பங்கள் கிழக்கேயும் வடக்கேயும் சென்றன. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906-இல் இட்ட பாதையில் 1924-இல் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் அகதிகள் அங்குக் குடியேறினர். 1950-களில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழுந்தன. டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் 1954-இல் அணுசக்தி நிலையமும் அமைந்தபோது, படித்த தமிழர் பலர் செம்பூர்வாசிகள் ஆயினர். ஆலைப் புகையைச் சகித்துக்கொண்டே நுண்கலைக் கழகமும், செட்டா நகர்க் குன்றின்மேல் முருகன் கோயிலும் கண்டனர். 1992-இல் வாசிக்கு ரயில் சென்றதும் நவி மும்பைக்குக் குடும்பங்கள் பெயர்ந்தன. முலுண்டு, டோம்பிவிலி என இன்றும் பெயர்ந்துகொண்டேயிருக்கின்றன. சென்ற இடமெல்லாம் முதலில் ஒரு மெஸ், அடுத்து ஒரு பஜனை, அடுத்து ஒரு சங்கம் என்னும் முறையே மாட்டுங்காவின் கொடை எனலாம்.

மாட்டுங்காவும் காலத்துக்கேற்ப மாறுகிறது. 2017 ஜூலை முதல் மாட்டுங்கா ரயில் நிலையத்தை முழுவதும் பெண் பணியாளரே நடத்தலாயினர். அடுத்த ஆண்டு லிம்கா சாதனை நூலில் அது இடம்பெற்றது. புறநகர் வீட்டுச் சமையலறையில் தொடங்கிய நம் பெண்டிர் வாழ்வு, நிலையத்தையே நிருவகிக்கும் அளவுக்கு வளர்ந்தது ரயில்வே ஊழியரான நமக்குப் பெருமை அன்றோ?

இனி நாம் செய்ய வேண்டுவது

நம் காலனியின் பழைய கட்டடங்களும் இடிபடும் நாள் நெருங்குகிறது என்பதை யாவரும் அறிவீர். எவ்வீட்டார் எங்குச் செல்வர் என்பது தெரியாது. சென்ற பொங்கலன்று சங்க அறையின் இரும்பு அலமாரியைத் துப்புரவு செய்தோம். பழைய ஆண்டு மலர்களில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. உறுப்பினர் பதிவேடு ஒன்றில் பெயரும் கட்டட எண்ணும் சந்தாத் தொகையும் உள்ளன. அவர்கள் எங்கிருந்து வந்தனர், எதற்காக வந்தனர், முதல் இரவு எங்கே தூங்கினர் என்பது ஒரு வரிகூட இல்லை.

டிரஸ்டின் அறிக்கைகள் ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக உள்ளன. அதனால்தான் அறுபத்து மூன்றரைப் பாகையின் கதை நமக்குக் கிடைத்தது. ஆறு பேர் பாய் விரித்த அறையின் கதையை யார் வைத்திருக்கிறார்? எழுதி வைக்காதவன் வரலாறு இடிபாட்டுடன் லாரியில் ஏறிப் போய்விடும். இது வெறும் பெருமைக்கான செய்தியும் அன்று. தாராவி மறுசீரமைப்பில், 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்ததற்குச் சான்று காட்டுவோர்க்கே இலவச வீடு என விதித்துள்ளனர். பழைய ரேஷன் அட்டையும் மின்சார ரசீதும் வைத்திருந்தவர் நிம்மதியாக இருக்கிறார். மழைநீரில் அவற்றை இழந்த நம் பெரியப்பா மகன் அலுவலகப் படிகளில் ஏறி இறங்குகிறார். காகிதத்தின் மதிப்பை எழுத்தர் வேலை பார்க்கும் நாம் அறிவோம்.

ஆதலின் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் ஒரே ஒரு தாள் எழுதித் தருக. எவ்வூரிலிருந்து எந்த ஆண்டு வந்தீர், யார் முதலில் இடம் கொடுத்தார், யார் மறுத்தார், முதல் வாடகை எவ்வளவு, பிள்ளைகள் எப்பள்ளியில் படித்தனர் என எழுதினால் போதும். அழகு தமிழ் வேண்டுவதில்லை, உண்மை போதும். எழுத இயலாத முதியோர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதலாம். அதனால் அவர்க்குத் தமிழெழுத்தும் பழகும். பழைய ரசீதுகள், நிழற்படங்கள் ஆகியவற்றின் படியெடுத்துச் சங்கம் பாதுகாக்கும். ஞாயிற்றுக்கிழமை மாலைதோறும் சங்க அறையில் நாம் அமர்ந்திருப்போம்.

மைத்துனர் மகனுக்கு மாட்டுங்காவில் வீடு அமையவில்லை. வாடகை கைக்கு எட்டவில்லை. டோம்பிவிலியில் குடியேறியுள்ளான். "மாமா, இங்கே பக்கத்தில் தமிழ் ஆட்கள் யாரையும் தெரியவில்லை" எனத் தொலைபேசியில் குறைப்பட்டான். "உன் வீட்டுக் கூடத்தில் நாலு பேரை உட்கார வை. மராட்டிய அண்டைவீட்டாரையும் கூப்பிடு. யார் என்ன தெரு என்று கேளாதே" என்றோம். சென்ற வாரம் ஏழு குடும்பங்கள் கூடி அவன் கூடத்தில் குழந்தைகளுக்குத் தமிழ் வகுப்புத் தொடங்கியதாகச் செய்தி வந்தது. கரும்பலகை இன்னும் வாங்கவில்லையாம். நம் அலமாரிக்குப் பின்னால் சும்மா கிடக்கும் பழைய பலகையைக் கொடுத்தனுப்பச் செயற்குழுவினர் இசைவு தருவர் என நம்புகிறோம்.

வளர்க நம் சங்கம். வாழ்க அதன் குடும்பங்கள்.